சான்றிதழ் சோறு போடுமா?

கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களிடையே இறுதியாண்டு வந்ததும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "எந்த சர்ட்டிஃபிகேஷன் முடித்தால் வேலை கிடைக்கும்?" 2000-களில் இதற்குப் பெரும்பாலும் வந்த பதில் எஸ்.சி.ஜே.பி., அதாவது சன் நிறுவனத்தின் ஜாவா தேர்வு. 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது, பிறகு தேர்வின் பெயரும் மாறியது. இன்று அதே கேள்விக்கு ஏ.டபிள்யூ.எஸ்., அஸூர், குபர்னெட்டிஸ் என்று பதில் வருகிறது.

இந்தத் தேர்வுகளைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. "இந்த நிரல் கம்பைல் ஆகுமா, ஆகாதா என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லத்தானே கம்பைலர் இருக்கிறது?" என்பது அவர்கள் வாதம். பாதி நியாயம்தான். மீதிப் பாதிக்கு ஓர் உதாரணம் பார்க்கலாம்.

ஜாவாவில் இரண்டு இன்டிஜர் ஆப்ஜெக்டுகளுக்கு 127 என்ற எண்ணை நேரடியாகக் கொடுத்து, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 'சமம்' என்று வரும். 128 கொடுத்தால் வழக்கமாக 'சமமில்லை' என்று வரும்! காரணம், -128 முதல் 127 வரை உள்ள எண்களுக்கு ஜாவா ஏற்கெனவே செய்து வைத்த ஆப்ஜெக்டையே திரும்பக் கொடுக்கிறது. அதைத் தாண்டினால் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. இரட்டைச் சமக்குறியோ மதிப்பைப் பார்ப்பதில்லை, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கிறது. கம்பைலர் இதைத் தவறு என்று தடுக்காது. சின்ன எண்களை வைத்துச் சோதித்தவர் "நன்றாக ஓடுகிறதே" என்று விட்டுவிடுவார். வாடிக்கையாளர் எண் 128-ஐத் தொடும் நாளில் வண்டி கவிழும். தேர்வுக்காக இந்த மூலைமுடுக்கைப் படித்தவர் அங்கே தப்பித்துக்கொள்வார். தினசரி வேலையில் யாரும் தானாகப் போய்ப் பார்க்காத இடங்களுக்குத் தேர்வு இழுத்துக்கொண்டு போகிறது. அதன் உண்மையான பயன் இதுதான்.

இந்தப் பயனை அடியோடு அழிப்பது 'டம்ப்ஸ்'. தேர்வில் வந்த கேள்விகளை விடையோடு மனப்பாடம் செய்து எழுதுவது. விதிமுறைப்படி இது குற்றம், பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகலாம். பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் "ஏன் அப்படி?" என்ற ஒரே ஒரு கேள்வி போதும், சாயம் வெளுத்துவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

மனப்பாடத்துக்கு இடம் கொடுக்காத தேர்வுகளும் இருக்கின்றன. சன் காலத்திலேயே எஸ்.சி.ஜே.டி. என்று ஒன்று இருந்தது. அதில் முழு அப்ளிகேஷன் ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும், பிறகு அதை ஏன் அப்படி வடிவமைத்தோம் என்று விளக்கித் தேர்வும் எழுத வேண்டும். ரெட் ஹேட்டின் ஆர்.ஹெச்.சி.இ. தேர்வில் ஓடும் லினக்ஸ் கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். குபர்னெட்டிஸின் சி.கே.ஏ.வும் அப்படித்தான்: இரண்டு மணி நேரம், எதிரே கமாண்ட் லைன். இவற்றில் தேறியவரிடம் சான்றிதழ் தொலைந்துபோனாலும் கை வேலை இருக்கும்.

அடுத்தது காசு. ஏ.டபிள்யூ.எஸ். அசோசியேட் தேர்வுக் கட்டணம் 150 டாலர். நம் பணத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல், வரி தனி. அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவற்றின் பார்ட்னர் திட்டங்களில் மேல் படிக்குப் போக, சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதாவது சான்றிதழால் நிறுவனத்துக்கும் லாபம். அதனால்தான் பல நிறுவனங்கள் ஊழியரின் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே கட்டுகின்றன. வேலையில் சேர்ந்த பிறகு இலவசமாக எழுதக்கூடியதற்கு, சேரும் முன்பே அப்பாவின் பணத்தைக் கட்டுவானேன்?

ஆக, மாணவர்களுக்கு நல்ல வழி இதுதான். தேர்வின் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு சின்ன நிரல் எழுதி, உடைத்து, சரிசெய்து பார்க்கலாம். கூடவே உருப்படியாக ஓடும் ஒரு புராஜெக்ட். இவ்வளவும் முடித்த பிறகு கையில் காசு மிச்சமிருந்தால் தேர்வையும் எழுதலாம். சான்றிதழ் இன்டர்வியூ அறைக் கதவு வரைக்கும் கூட வரும். உள்ளே போய்ப் பதில் சொல்ல வேண்டியது படித்தவர்தான்.