பாரின் லென்ஸ் மயக்கம்

“உள்ளூர் லென்ஸா, பாரின் லென்ஸா?” கண்புரை ஆபரேஷனுக்குப் பெற்றோரை அழைத்துப்போகும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். குமாரலிங்கபுரமானாலும் சரி, அருப்புக்கோட்டை, திருச்சுழி சுற்றுப்பட்டியானாலும் சரி, பாரின் என்றால் உசத்தி, நம்மூரில் செய்தது ஏழைபாழைக்கு என்ற நினைப்பு ஊறிக் கிடக்கிறது. நல்ல வைத்தியமெல்லாம் பணக்கார நாட்டிலிருந்துதான் இங்கே வரும் என்ற நம்பிக்கை அது. மானாவாரிக் குடும்பங்களைக் கடனாளியாக்கும் மூடநம்பிக்கை என்றே சொல்வேன்.

மதுரை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அங்கே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது ஏழைகளுக்குப் புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவதுதான் வழக்கம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பின்னாளில் வெளிநாட்டிலிருந்து வந்தபோதும் விலை எட்டவில்லை. 1992இல் அரவிந்தின் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்ய இறங்கியது. நூறு டாலர் விற்ற சரக்கு பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. மடக்கு லென்ஸ் வேண்டுமா? அதையும் மதுரையில் செய்கிறார்கள்.

“விலை சரி, தரம்?” என்பார்கள். அரவிந்தின் ஆபரேஷன் அறையைப் பாருங்கள். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே, கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் அடுத்தவரைத் தயார் செய்துவிடுகிறார்கள். டாக்டர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். அங்கிகளைத் துவைத்து, கிருமி நீக்கி மறுபடி உடுத்துகிறார்கள். ஒரு சொட்டுமருந்துக் குப்பி பலருக்கு உதவுகிறது. அமெரிக்காவிலோ, ஒருவருக்குச் சில சொட்டு விட்டதும் மீதி மருந்து குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சிக்கனத்தால் கண் கெட்டதா? அரவிந்தில் நடந்த 6 லட்சம் ஆபரேஷன்களை அலசிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஆபரேஷன் முடிவில் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தியபின், கடுமையான தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்திருந்தது. பத்தாயிரம் பேரில் இரண்டு பேர். 2022இல் அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கங்களே கூடி, தகுந்த முறையோடு ஒரு குப்பியைப் பலருக்குப் பயன்படுத்தலாம் என்று அறிக்கை விட்டன. மதுரை பல காலம் செய்துவந்ததை அவர்கள் இப்போதுதான் ஏற்கிறார்கள். நாமோ இன்னும் அதை ‘இலவச ஆபரேஷன்’ என்று முகம் சுளிக்கிறோம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, லென்ஸ் எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்காதீர்கள். அம்மாவின் கண்ணுக்கு எது பொருந்தும், இங்கே தொற்று எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று கேளுங்கள். பாரின் லென்ஸுக்காக அவருடைய தோட்டை அடகு வைக்காதீர்கள்.