டிரைவருக்கு சைக்கிள் ஒரு கேடா?

அமெரிக்காவில் தொலைதூர லாரி ஓட்டுகிறவர்களில் சில பேர் கூடவே ஒரு சைக்கிளையும் ஏத்திக்கிட்டுப் போறாங்க. இதைச் சொன்னா உடனே ஒரு நக்கல் சிரிப்பு வருது பாருங்க, "பதினெட்டு சக்கரம் பத்தலையாக்கும், இன்னும் ரெண்டு வேணுமா?"ன்னு. அந்தச் சிரிப்பு மேலதான் எனக்குக் கோபம்.

நம்ம நாமக்கல் லாரி ராத்திரி எங்க நின்னாலும் பெரும்பாலும் பக்கத்துல ஒரு டீக்கடை இருக்கும். அங்க அப்படி இல்லீங்க. 53 அடி டிரெய்லரை இழுத்துக்கிட்டு ஊருக்குள்ள நினைச்ச இடத்துல நிறுத்த முடியாது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினதும் ஒரு ட்ரக் ஸ்டாப். டீசல், பர்கர், சோடா, குளிக்க ஒரு ரூம், அவ்வளவுதான். காய்கறி, பழம் விக்கிற கடை ரெண்டு மூணு மைல் தள்ளி இருக்கும். நடக்கலாம்னா பல இடத்துல நடைபாதையே கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது? 11 மணி நேரம் ஓட்டினா, மறுபடி வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி தொடர்ச்சியா 10 மணி நேரம் ஓய்வு. எட்டு நாளுக்கு 70 மணி நேரக் கணக்கு தீர்ந்துபோய் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னா 34 மணி நேரம். தூக்கம் போக மிச்ச நேரத்துக்கு என்ன பண்றது? ஒரு கட்டில், ஒரு ஸ்டியரிங், வெளியே தார் மைதானம். இதுக்குப் பேரு ஓய்வா, காவலா?

2010-ல் அமெரிக்க அரசோட தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்குப்படி தொலைதூர டிரைவர்கள்ல 69 சதவீதம் பேருக்கு உடல் பருமன். மத்த தொழிலாளர்கள்ல 31 சதவீதம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மெடிக்கல் டெஸ்ட் வேற. பிரஷர் ஏறியிருந்தா சர்டிபிகேட்டோட ஆயுசைக் குறைச்சுடுவாங்க. உடம்பைக் குறைன்னு உபதேசம் பண்றவங்க, காலை அசைக்க வழி பண்ண மாட்டாங்களாம்!

"வண்டிக்கு வெளியே எதையும் மாட்டக்கூடாது"ன்னு சில கம்பெனிகள்ல விதி. இதுல பாதி நியாயம் உண்டு, மறுக்கலை. கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவுலதான் பிரேக்குக்கான காத்துக் குழாயும் கரண்ட் வயரும் போகுது. வளைவுல திரும்பும்போது டிரெய்லர் மூலை கேபினை ஒட்டி வரும். கயித்துல கட்டின சைக்கிள் 65 மைல் வேகத்துல அவுந்து விழுந்தா பின்னாடி கார்ல வர்றவன் கதி என்ன?

சரி, வெளியே வேணாம். உள்ளே? பெரும்பாலான ஸ்லீப்பர் கேபின்ல ரெண்டு படுக்கை இருக்கு. தனியா ஓட்டறவருக்கு அப்பர் பெர்த் காலிதான். 16 இஞ்ச், 20 இஞ்ச் சக்கரத்தோட மடக்கு சைக்கிள் வருது. மடிச்சு அங்க படுக்க வெச்சு பெல்ட் போட்டு இறுக்கிட்டா முடிஞ்சுது. அதுக்கும் முகம் சுளிக்கிறவங்களைத்தான் கேக்கறேன்: டெபாசிட் வாங்கிக்கிட்டு கேபின்ல நாய் வெச்சுக்க எத்தனையோ கம்பெனிகள் விடுது. (நாய் மேல எனக்கு ஒரு பகையும் இல்லைங்க.) நாய்க்கு இடமிருக்கு, தீனி கேக்காத, குலைக்காத சைக்கிளுக்கு இல்லையா?

"பதினோரு மணி நேரம் ஓட்டிட்டு எவன் பெடல் மிதிப்பான்?"னு கேக்கறவங்க ஒரு நாள் பூரா உக்காந்து பாருங்க. மரத்துப்போன காலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் உக்கார்றதா மருந்து?

லாரி டயர் ஒண்ணு வாங்குற காசுக்கு ஒரு மடக்கு சைக்கிள் வாங்கிடலாம். அதைக்கூட கம்பெனி வாங்கித் தர வேணாம். டிரைவர் தன் காசுல வாங்கிட்டு வந்து நிக்கும்போது கூடாதுன்னு சொல்லாம இருந்தா போதும்.