குற்றாலம் சீசன் காய்ச்சலும் ஒரு அட்டை ஆன்டிபயாட்டிக்கும்: கேன்சர் நோயாளிகள் ஏன் உஷாராக இருக்கணும்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசி மெடிக்கல் கடைகளுக்கும் சீசன்தான். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. "ரெண்டு நாளைக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டால், பல நேரம் கைக்கு வருவது ஆன்டிபயாட்டிக். யாருக்குமே இது நல்ல பழக்கம் இல்லை. கேன்சர் சிகிச்சையில் இருப்பவருக்கோ விஷயம் ரொம்ப சீரியஸ்.

காரணம், குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள். சாப்பாட்டைச் செரிக்க வைப்பதோடு, நோய் எதிர்ப்பு செல்களைப் பழக்குவதும் அவைதான். நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் கேன்சர் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. எதிர்ப்பு செல்கள் மேல் இருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகின்றன, அவ்வளவுதான். வண்டியில் தெம்பு இல்லையென்றால் பிரேக்கை எடுத்து என்ன பயன்?

பாரிஸ் கஸ்டவ் ரூசி கேன்சர் மையத்தின் ஆய்வு 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. இம்யூனோதெரபி எடுத்த 249 பேரில், அந்தச் சமயத்தில் ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிட்டவர்களின் சராசரி ஆயுள் 11.5 மாதம். சாப்பிடாதவர்களுக்கு 20.6 மாதம். நோய் முற்றியவர்களுக்குத்தானே கிருமித் தொற்றும் அதிகம் வரும், அதனால்தான் இந்த வித்தியாசமோ? நியாயமான சந்தேகம். அதனால்தான் நோயாளிகளின் மலத்திலிருந்த பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து வேலை செய்தவர்களின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளில் மருந்து நன்றாக வேலை செய்தது, மற்றவற்றில் செய்யவில்லை.

அப்போ ப்ரோபயாடிக் கேப்சூல் வாங்கிப் போடலாமா? அவசரம் வேண்டாம். 2021-ல் வெளியான இன்னொரு ஆய்வில், தோல் கேன்சர் நோயாளிகளுக்கு அதனால் பலன் தெரியவில்லை. எலிகளில் மருந்தின் வேகமே குறைந்தது. நார்ச்சத்து நிறைய சாப்பிட்டவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். கீரையும் பயறும் கேப்சூலைவிட மலிவு. ஆனால் வயிறு, குடல் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து பலர் புளியரை தாண்டி திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குச் சிகிச்சைக்குப் போகிறார்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைப் பிடிக்க, 2024-லிருந்து கேரளத்தில் 'ஆபரேஷன் அம்ரித்' நடக்கிறது. சீட்டு வேண்டும் என்பது கேரளத்துக்கு மட்டுமான சட்டம் இல்லை, நாடு முழுவதற்கும் அதேதான். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அதே கண்டிப்பு வேண்டும், அதுவும் சீசன் தொடங்கும் முன்பே. அதைவிட எளிய வேலை ஒன்று உண்டு: கேன்சர் நோயாளியின் ஃபைல் முதல் பக்கத்திலேயே 'எங்களைக் கேட்காமல் ஆன்டிபயாட்டிக் வேண்டாம்' என்று ஆஸ்பத்திரிகள் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, டாக்டர் எழுதிய ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிடக் கூடாது. கீமோ எடுப்பவருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் காய்ச்சல் வந்தால் அது எமர்ஜென்சி. அப்போது உயிரைக் காப்பாற்றுவதே ஆன்டிபயாட்டிக்தான். ராத்திரி 2 மணியானாலும் ஃபைலை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.