வால்வு ஆம்ப்ளிஃபயர்: படம் தரமாட்டேன், வந்து உட்காரட்டும்

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் ஒரு பையன் இருக்கிறான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். போன மாதம் என் வீட்டில் வால்வு ஆம்ப்ளிஃபயர் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதோட சர்க்யூட்டை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றான். "எடுக்காதே" என்றேன். கொஞ்சம் பட்டென்றுதான் சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா என் வீட்டுக்காரியிடம், "ஒரு பேப்பருக்கு இவ்வளவா மாமி?" என்று கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் பையன் மொபைலைப் பார்க்கிறான்.

கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பார்கள். இல்லை. அதில் ஒளித்துவைக்க ஒன்றுமே கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒரு ஈ.எல். 84, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு ஈ.சி.சி. 83. அந்தக் காலத்து வால்வு கம்பெனிகளே கையேடு போட்டு இலவசமாகச் சொல்லிக்கொடுத்த விஷயம்தான். நான் ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்வதற்கு முன், இன்னொரு விஷயத்தை உடைத்துவிட வேண்டும்.

வால்வு ஆம்ப்ளிஃபயரின் சத்தம் தேன் மாதிரி இருக்கும், வெதுவெதுப்பாக இருக்கும் என்கிறார்கள். நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளி லீவில் பேத்தி வந்தபோது அந்தப் பெருமை போயிற்று. என் பையன் வாங்கி வைத்திருந்த சின்ன ஐ.சி. போர்டு ஒன்று இருந்தது. சில நூறு ரூபாய்தான், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரே ஸ்பீக்கரை இரண்டுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும்படி ஒரு சுவிட்ச் போட்டோம். சத்த அளவு சமமாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தோம். ஸ்பீக்கர் அந்தப் பக்கம் போகும்போது வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு எட்டு ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று கிடைக்கும்படி செய்திருந்தேன். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பாடவிடக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனே போய்விடும்.

எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, "எது தாத்தா இப்போ?" என்று பத்து தடவை கேட்டாள். ஆறு தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலே ஐந்து வரும். அதைவிட மோசம், "ஆஹா, இதுதான் வால்வு" என்று நான் தலையாட்டிச் சொன்ன இரண்டு தடவையும் பாடியது ஐ.சி. போர்டு. எழுபது தாண்டிய காதுக்கு மேல் ஸ்தாயி சத்தங்கள் சரியாகக் கேட்பதில்லை என்பது ஒரு சமாதானம். ஆனால் அந்தக் காதை வைத்துக்கொண்டுதானே நான் ஊருக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்!

வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஈ.எல். 84 ஒன்றைத் தனியாகப் போட்டால், அதன் கையேட்டின்படியே 250 வோல்ட்டில் 5.7 வாட் கிடைக்கும். அந்த உச்சத்தில் 10 சதவீதம் டிஸ்டார்ஷன். அதில் ஒரு பங்கு, பாடும் ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே கூடவே ஒலிக்கும் துணைச் சத்தம். நம் காதுக்கு அது உறுத்தாது, சேர்ந்து பாடுவது போல இருக்கும். "வெதுவெதுப்பு" என்பது பெரும்பாலும் இதுதான். அளவு குறைத்துக் கேட்டால் அதுவும் குறைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்துப் பெரிய மூளைகள் இந்த வாசனையே வரக்கூடாது என்றுதான் பாடுபட்டார்கள். 1947-ல் இங்கிலாந்தில் வில்லியம்சன் என்பவர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதிய ஆம்ப்ளிஃபயர் 15 வாட் கொடுக்கும், டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்குள். உலகம் முழுக்க அதைப் பார்த்து வீட்டில் கட்டினார்கள். அவர்கள் துடைத்து எறிந்ததை நாம் இப்போது லட்சம் கொடுத்து வாங்குகிறோம்.

ஆகவே சத்தத்துக்காக இதைக் கட்டாதே என்பது பையனுக்கு என் முதல் வார்த்தை. மின்சாரக் கணக்கும் அவமானம்தான். என்னுடையது சுவரிலிருந்து நாற்பது வாட்டுக்கு மேல் தின்றுவிட்டு, பத்து வாட் பாட்டுகூட முழுசாகத் தருவதில்லை. மீதியெல்லாம் சூடு. மே மாதத்தில் அந்த அறையில் உட்கார முடியாது.

இனி படம் கொடுக்காத காரணம்.

1971-ல் காலேஜ் லீவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்தேன். கடை அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். ஒரு பெரிய மைக் செட் ஆம்ப்ளிஃபயர் மேசை மேல் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கியிருந்தேன், கண்ணால் பார்த்தேன், அதனால் தைரியமாக வலது கையை உள்ளே விட்டேன், இடது கை சேஸிஸைப் பிடித்திருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் எதிர்ச் சுவரோடு உட்கார்ந்திருக்கிறேன், வாயில் ரத்தம். நாக்கைக் கடித்திருக்கிறேன். வலது ஆள்காட்டி விரலில் வெள்ளையாக ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அன்று எவ்வளவு பயந்திருப்பார் என்பது எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது.

பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சருக்குள் கரண்ட் தங்கியிருக்கும். இன்றைய பிள்ளைகள் ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட்டில் பழகியவர்கள். போர்டைக் கையில் வைத்துக்கொண்டே ஈயம் வைப்பார்கள். அந்தக் கை 300 வோல்ட் டி.சி.க்குள் போனால் அதே பழக்கத்தோடுதான் போகும். பேப்பரில் இருக்கும் படம் இதைச் சொல்லாது. இரண்டு கோடு போட்டு அதன் பக்கத்தில் "47 மைக்ரோஃபேரட்" என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

என் பெட்டியில் அந்தக் கண்டென்சர்களுக்குக் குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. பாட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சுவிட்சை அணைத்த பிறகு தேங்கியிருப்பதை இரண்டு நிமிஷத்தில் வடித்துவிடுவதுதான் அதன் ஒரே வேலை. பையன் படத்தைப் பார்த்து, "இது சும்மாதானே இருக்கு" என்று விட்டுவிட்டால்? வடிந்துவிட்டது என்று அந்த ரெசிஸ்டன்ஸை நம்பவும் கூடாது, அதுவே கருகிப் போயிருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் இன்றும் கை வைப்பதில்லை. வைத்தாலும் ஒரு கைதான். இன்னொன்று சட்டைப் பையில்.

கண்டென்சரின் வோல்டேஜ் இன்னொரு வம்பு. டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட் கொடுத்தால் டையோடுக்குப் பிறகு 310 என்று கணக்கு வரும். 350 வோல்ட் கண்டென்சர் போதும் என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் நடுராத்திரி சுவரில் 250 வரும். சுவிட்ச் போட்ட முதல் சில நொடிகள் வால்வு சூடாகாமல் கரண்டும் இழுக்காது. 350-ஐத் தொட்டுவிடும். 450 வோல்ட்தான் போட வேண்டும், அதுவும் புதிதாக. பழைய கடையில் கிடைக்கிறதே என்று நாற்பது வருஷம் காய்ந்து கிடந்ததைப் போட்டால் வெடிக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், பையன் பரணில் கிடக்கும் தாத்தாவின் ரேடியோவை இறக்கி அதிலிருந்து ஆரம்பிப்பானோ என்பதுதான். யூ.எல். 84, யூ.சி.எச். 81 என்று 'யூ'வில் ஆரம்பிக்கும் வால்வுகள் இருந்தால் அது ஏ.சி./டி.சி. செட். அதில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சுவரிலிருந்து வரும் ஒரு ஒயர் நேராகச் சேஸிஸுக்குப் போகும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் மொத்தத் தகடும் 230 வோல்ட். அதனால்தான் அந்தக் காலத்துப் பெட்டிகளில் திருகாணித் தலைகூட வெளியே தெரியாதபடி மூடியிருப்பார்கள். அதில் மொபைலை ஒயர் போட்டு இணைத்துவிட்டு ஹெட்ஃபோனைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

"அப்படியானால் நீங்கள் மட்டும் ஏன் கட்டினீர்கள்?" என்று என் வீட்டுக்காரியே கேட்டாள். நியாயமான கேள்வி. செலவு பதினெட்டாயிரம் ஆயிற்று, அதில் பாதிக்கு மேல் இரும்பும் தாமிரமும்தான்.

இரைச்சல் பிடிக்கிற சுகம் வேறெதிலும் கிடைக்கவில்லை என்பது என் பதில். முதல் நாள் சுவிட்ச் போட்டதும் பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். அது நூறு சைக்கிளா ஐம்பது சைக்கிளா என்று காதால் பிரிக்க வேண்டும். நூறு என்றால் பவர் சப்ளை சரியாக வடிகட்டவில்லை. ஐம்பது என்றால் வால்வை எரியவிடும் ஏ.சி. ஒயர் எங்கோ சிக்னலுக்குப் பக்கத்தில் போகிறது, அல்லது எர்த் சரியில்லை. என்னுடையது ஐம்பது. ஃபிலமென்ட் ஒயர்களைச் சடை மாதிரி முறுக்கி மூலையோடு ஒட்டிப் போட்டேன், பாதி குறைந்தது. எர்த் எல்லாவற்றையும் ஒரே திருகாணிக்குக் கொண்டுவந்தேன், இன்னும் குறைந்தது. மீதிக்குப் பதினோரு நாள் ஆயிற்று. உள்ளே வரும் சிக்னல் ஒயரின் வலையை இரண்டு முனையிலும் எர்த் செய்திருந்தேன். ஒரு முனையை வெட்டியதும் அமைதி. விளக்கு மட்டும் செம்மஞ்சளாக எரிகிறது, சத்தமே இல்லை. வீட்டுக்காரி, "என்ன, கெட்டுப் போச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

ஐ.சி. போர்டில் இது கிடையாது. கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று. இதில் ஒவ்வொரு இடத்திலும் மீட்டரை வைத்து, இங்கே இவ்வளவு இருக்க வேண்டும், ஏன் இல்லை என்று கேட்கலாம். ஈ.எல். 84-ன் கேத்தோடில் ஏழு வோல்ட் சொச்சம் இருக்கிறதா, அங்கே இருக்கும் 135 ஓமால் வகுத்தால் வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்றாம் வருட இன்ஜினியரிங் பையனுக்கு இதைவிட நல்ல பாடம் அவன் காலேஜில் இருக்கும் என்று தோன்றவில்லை. அவன் கட்ட வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன்.

படமாகத்தான் கொடுக்க மாட்டேன். நாலு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். முதல் வாரம் ஈயமே கிடையாது. நூறு வாட் குண்டு பல்பு போட்ட சீரீஸ் போர்டு ஒன்றைச் செய்யச் சொல்வேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். அதற்கப்புறம் என் பெட்டியை அணைத்துவிட்டு, கண்டென்சர் வடிவதை மீட்டரில் பார்த்து நொடிக்கணக்கு எழுதச் சொல்வேன். படம் மூன்றாம் வாரம். அவன் கையாலேயே வரையட்டும்.

அவன் அம்மாவிடம் வீட்டுக்காரி இதைச் சொல்லிவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. ஞாயிறு பத்து மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன். வந்தால் ரப்பர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரட்டும், மாமி ஒன்றும் சொல்ல மாட்டாள்.