ஞாயிறு போன் - 14: அஞ்சுன்னா நல்ல மார்க்காம்!

போன வாரம் பதிவு போடலை. யாரும் தேடியிருக்க மாட்டீங்கன்னு தெரியும் (ஹி ஹி), இருந்தாலும் காரணம் சொல்லிடறேன். புலம்பக்கூட தெம்பில்லை. இந்த வாரம் இருக்கு. டீயை எடுத்துட்டு உக்காருங்க மக்களே.

டிரெஸ்டன்ல ஞாயித்துக்கிழமைன்னா கடை கண்ணி எல்லாம் மூடிக் கிடக்கும். சனிக்கிழமை பால் வாங்க மறந்தா ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் டிராம்ல போகணும், இல்லாட்டி கட்டங்காப்பிதான். அந்த அமைதிக்கு நடுவுல எனக்குன்னு இருக்கிற ஒரே சத்தம் கரூர் போன். குளிர்காலத்துல இங்க காலைல பத்தரைன்னா அங்க மத்தியானம் மூணு மணி. அப்பா கட்டில்ல, அம்மா தையல் மெஷின்ல, அப்பத்தா திண்ணையில. தம்பி போனைத் தூக்கிட்டு ஒவ்வொருத்தரா காட்டுவான்.

மேட்டருக்கு வர்றேன். போன பிப்ரவரியில ஒரு பேப்பர்ல கோட்டை விட்டுட்டேன். கண்டினுவம் மெக்கானிக்ஸ்னு ஒண்ணு, கட்டாயப் பாடம். இங்க மார்க் தலைகீழ். 1.0 தான் முதல் மார்க், 4.0 வாங்கினா தட்டுத்தடுமாறி பாஸ், 5.0 ன்னா பெயில். அன்னிக்கு அம்மா கேட்டாங்க.

"எத்தன கண்ணு வந்துருக்குது?"

"அஞ்சுங்மா."

"எத்தனைக்கு?"

"இங்க அஞ்சுதாங்மா கடைசி."

பாருங்க, ஒரு வார்த்தை கூட பொய் இல்லை! அம்மா அதை முழு மார்க்குன்னு எடுத்துக்கிட்டாங்க. அப்பத்தா சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா சொல்லிட்டாங்க. நான் திருத்தலை. செப்டம்பர்ல மறுபடி எழுதினேன், மறுபடியும் 5.0. "ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வாங்கிருக்குது பாரு" அப்படின்னு அப்பத்தாவுக்குப் பெருமை தாங்கலை. எனக்குச் சோறு இறங்கலை. எங்க டிபார்ட்மெண்ட்ல மூணு தடவைதான் எழுத விடுவாங்க. மூணாவதும் போச்சுன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். அதே படிப்பை இந்த நாட்டுல வேற இடத்துல சேர்ந்து முடிக்கிறதும் பெரும்பாலும் நடக்காது.

ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. அப்பா கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில வெல்டர். 2019ல கூண்டு மேல இருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சது. ராடு வச்சாங்க, ஆனா ரொம்ப நேரம் நிக்க முடியாது. அதுவரைக்கும் ஊசியில நூல் கோக்கறதைத் தாண்டி எதுவும் தெரியாத அம்மா, ஏற்றுமதிக்குப் போற தலகாணி உறையை பீஸ் கணக்குல எடுத்து வீட்டுலயே தைக்க ஆரம்பிச்சாங்க. முதல் மாசம் அறுபது உறை தையல் சரியில்லைன்னு திரும்பி வந்தது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு தையலா பிரிச்சு மறுபடி தைச்சாங்க. நான் பக்கத்துல தூங்கற மாதிரி நடிச்சுக்கிட்டிருந்தேன்.

இங்க அரசு யுனிவர்சிட்டியில படிப்புக்குப் பணம் இல்லை. ஆனா விசா வேணும்னா ஒரு வருஷச் செலவை முன்னாடியே பிளாக்டு அக்கவுண்ட்ல போட்டுக் காட்டணும். நான் வந்தப்ப 11,904 யூரோ. நம்ம காசுக்குப் பத்து லட்சத்துக்கு மேல. வீட்டுப் பத்திரம் பேங்க்குக்குப் போச்சு. முதல் வருஷம் மாசாமாசம் அதுல இருந்து 992 யூரோ கைக்கு வரும்போது எனக்கு அது யூரோவா தெரியாது, தலகாணி உறையா தெரியும். இதுல எந்த வாயால பெயில்னு சொல்றது?

போன ஞாயித்துக்கிழமை தம்பி கையில இருந்து அப்பா போனை வாங்கினார். அதுவே அதிசயம். "நல்லாருக்கியா, சாப்டியா" இதுக்கு மேல போன்ல பேசாத மனுஷன்.

"அம்மிணி, அந்த அஞ்சு மார்க் பரிச்சைய மொத்தம் எத்தன தடவ எழுதலாம்?"

எனக்கு வாயே வரலை. "மூணுங்ப்பா"ன்னேன்.

"அப்ப இன்னும் ஒண்ணு கெடக்குதல்ல."

தீபாவளிக்கே தெரியுமாம்! தம்பி பன்னெண்டாவது முடிச்சுட்டு இங்க வரலாமான்னு நெட்ல தேடினப்ப மார்க் கணக்கைப் பாத்துட்டான். நானா சொல்லுவேன்னு மூணு மாசமா காத்துட்டிருந்திருக்காங்க. அம்மா பின்னாடி இருந்து கத்தினாங்க. மார்க்குக்கு இல்லைங்க. "அந்தக் கெழவிய ஊரெல்லாம் பெருமை பேச விட்டுட்டு வேடிக்கை பாத்தியே, அதுதான் எனக்கு ஆத்தலை." அது நியாயமான திட்டு. வாங்கிக்கிட்டேன்.

அப்பா விடலை. அப்படி என்ன பாடம் அதுன்னு கேட்டார். இரும்புக்குள்ள விசை எப்படிப் பரவுது, சூடு பட்டா எப்படி வளையுதுன்னு என்னமோ உளறினேன். சிரிச்சார். "கூண்டுல ஒரே பக்கமா முழு வெல்டிங்கும் ஓட்டிப் பாரு, ஆறறப்ப சட்டத்தை இழுத்துக் கோணலாக்கிப் போடும். மொதல்ல சுத்தியும் பொட்டுப் பொட்டா வச்சுக்கோணும். அப்பறம் அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம். ஆறுனதுக்கு அப்பறமும் இழுப்பு உள்ளயே நிக்கும், கண்ணுக்குத் தெரியாது."

வெளிய எந்தப் பாரமும் இல்லாம உள்ளயே தங்கற விசையைப் பத்தி மூணு பக்கம் சமன்பாடு எழுதி வச்சிருக்கேன், ரெண்டு தடவை பரீட்சையில கொட்டியும் இருக்கேன். அது ஒரு ஜன்னல் சட்டத்தை இழுக்கும்னு ஒரு நாளும் தோணினதில்லை. நாப்பது நிமிஷம் பேசினார். விழுந்ததுல இருந்து பட்டறைன்னு ஒரு வார்த்தை அவர் வாயில வந்து நான் கேட்டதில்லை. ஃப்ரேம், பில்லர், ரூஃப் பைப்னு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, தம்பி நோட்டுல படம் போட்டுக் காமிச்சான். நான் இந்தப் பக்கம் நோட்ஸ் எடுத்தேன். அழுதுக்கிட்டேதான், அது வேற விஷயம்.

இப்ப தினமும் அரை மணி நேரம் ட்யூஷன். போனை எடுத்ததும் "இன்னிக்கு எது ஓடலை?"ங்கறார். கணக்கு அவருக்குத் தெரியாது, எனக்கு இரும்பு தெரியாது. ரெண்டு பேரும் சண்டை வேற போடறோம். நேத்து அவர் சொன்னதுதான் தப்பு, ஒத்துக்க மாட்டேங்கறார் :-)

பரீட்சை வர்ற வியாழக்கிழமை. அப்பத்தாகிட்ட மட்டும் இன்னும் யாரும் உண்மையைச் சொல்லலை. இன்னிக்கு வைக்கறதுக்கு முன்னாடி போனைப் பிடுங்கி, "சாமி, இந்தத் தடவையும் அஞ்சே வாங்கிப்போடு"ன்னாங்க.

உள்ள ஓடிட்டிருந்த தையல் மெஷின் சட்டுனு நின்னுது. அம்மா சிரிக்கிற சத்தம் டிரெஸ்டன் வரைக்கும் கேட்டுது.