ஆடித் தள்ளுபடியும் அட்மின் திரையும்

ஆடி நெருங்கினால் காஞ்சிபுரம் பட்டுக் கடைகளின் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் நமக்கெல்லாம் ஒரே கோரிக்கைதான் வரும்: "விலையெல்லாம் ஒரே தட்டில் மாறணும் சார்." கோர்வைப் புடவை பெரும்பாலும் டிசைனுக்கு ஒன்றுதான், ஒவ்வொன்றும் வூகாமர்ஸில் தனிப் பொருள். எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் என்றால் வூகாமர்ஸிலுள்ள மொத்தத் திருத்தமே போதும். சுத்த ஜரிகைக்கு ஒரு தள்ளுபடி, டெஸ்டட் ஜரிகைக்கு வேறு என்று கடை கேட்கும்போதுதான் பொருள் பட்டியலின் மொத்தச் செயல்களில் (bulk actions) சொந்தமாக ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

2016 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 4.7 வரும்வரை இதற்கு நேர்வழி இல்லை. ஜேகுவெரியால் மொத்தச் செயல் பட்டியலில் ஒரு வரியைச் செருகி ஒப்பேற்றினோம். இன்று இரண்டு ஃபில்டர்கள் போதும்: ஒன்று பெயரைச் சேர்க்க, மற்றொன்று வேலையைச் செய்ய. இவ்வளவு சுலபமாகிவிட்டதால்தான் கவனம் குறைகிறது என்பது என் கவலை.

தள்ளுபடியை எந்த விலையிலிருந்து கணக்கிடுகிறோம்? இருக்கும் விலையில் 10 சதவீதம் குறைத்தால் 20,000 ரூபாய்ப் புடவை 18,000 ஆகும். பக்கம் மெதுவாக வருகிறதே என்று கணக்கர் மறுபடி அழுத்தினால் 16,200. பல நாள் தறியில் உட்கார்ந்து நெய்த புடவை அது. வழக்க விலையைத் தொடாமல், அதிலிருந்தே தள்ளுபடி விலையைக் கணக்கிட்டு எழுதினால் பத்து முறை அழுத்தினாலும் 18,000தான். பழைய தள்ளுபடி விலையைத் தனி மெட்டாவில் வைத்து, 'ஆடி விலையை நீக்கு' என்று இன்னொரு செயலையும் சேர்த்தே கொடுங்கள். அது இல்லாத செயலை நான் கடைக்குக் கொடுக்கமாட்டேன்.

நான்ஸ் சோதனையை வேர்ட்பிரஸே செய்துவிடும். ஆனால் அந்தந்தப் பொருளைத் திருத்த அந்தப் பயனருக்கு உரிமை உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது நம் பொறுப்பு. இருப்பு ஏற்ற மட்டும் லாகின் வாங்கிய பையன் விலையை மாற்றக் கூடாது.

'எல்லாம் தேர்ந்தெடு' என்பது திரையில் தெரியும் பக்கத்தை மட்டுமே பிடிக்கும். இயல்பாக அது 20 பொருள். மீதி மாறாமல் நிற்பது கடைக்குத் தெரியாது. எத்தனை மாறின, எவை விடுபட்டன என்று அறிவிப்பில் தமிழிலேயே காட்டுங்கள். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் மாற்றினால் பிஎச்பியின் நேர வரம்பில் பாதியில் நிற்கலாம். வேலையை ஆக்‌ஷன் ஷெட்யூலரிடம் பிரித்துக் கொடுப்பது நல்லது.

ஆர்டர் திரையில் கூரியர் சீட்டு அச்சிடும் செயல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2023 அக்டோபரில் வந்த வூகாமர்ஸ் 8.2 முதல் புதிய கடைகளில் ஆர்டர்கள் தனி அட்டவணைகளில் இருக்கின்றன. திரையின் பெயரும் மாறிவிட்டதால் பழைய செயல் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். தள்ளுபடி தொடங்குமுன் அந்தத் திரையையும் திறந்து பார்த்துவிடுங்கள்.