பாடசாலை மாங்கன்றும் தலைமையும்

பாடசாலை வளவில் மாங்கன்று நாட்டும் நாளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கன்றும் தளிர்க்கும். சோதனை வைகாசியிலேயே தொடங்குகின்றது. வரண்ட வலயத்தில் அம்மாதம் முதல் புரட்டாதி வரை மழை அரிது. இடையிலே பாடசாலை விடுமுறையும் வரும். கன்றை நாட்டியவர் யாரென எல்லோரும் அறிவர். நீர் ஊற்றவேண்டியவர் யாரென ஒருவரும் அறியார். கன்று பட்டுப்போகும்.

நீர் ஊற்றும் முறையை வகுத்துப் பெயர்களை நிரைப்படுத்துபவரே அவ்விடத்தில் தலைவர். அந்நிரையில் அதிபர், ஆசிரியர் பெயர்களும் இருத்தல் வேண்டும். மாணவர்மீது மட்டும் சுமத்தப்படும் வேலை தண்டனையாகவே முடியும்.

ஒட்டுமாங்கன்றுக்கு வேறு இரு கடமைகளும் உள. ஒட்டுக்குக் கீழே எழும் முளைகளை உடனுக்குடன் அகற்றல் வேண்டும். அவை செழிப்பாகவே வளரும். ஆயினும் அவை ஒட்டுக்கட்டையின் முளைகள். விட்டுவைப்பின் மேலே ஒட்டிய கறுத்தக்கொழும்பானை அமுக்கிவிடும். முதல் 3 ஆண்டுகளில் தோன்றும் பூங்கொத்துக்களையும் கிள்ளிவிடல் வேண்டும். மரம் உருவாகுமுன் காய்க்கவிட்டால் வளர்ச்சி குன்றும். கண்முன் நிற்கும் பூவைக் கிள்ளுவதே யாவற்றிலும் கடினம். பரிசளிப்பு விழாவுக்காகப் பத்து வயதுப் பிள்ளையைப் போட்டிக்குப் போட்டி அனுப்பிக் களைப்புறச் செய்யும் பாடசாலைகள் இதனைச் சிந்தித்தல் நன்று.

கமக்காரர் இவற்றை அறியாதவரல்லர். கத்தரி நாற்றுக்கு எந்நாளில் நிழலைக் குறைப்பது என்பதை அறிந்தவர், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே கடைசி வாங்கில் மௌனமாக இருப்பது ஏன்? விடுமுறைக் காலத்துக்கான நீர் ஊற்றுவோர் நிரை எங்கே என்று அடுத்த கூட்டத்தில் அவரே கேட்கலாம். முதற் பெயராகத் தம் பெயரையும் எழுதுவிக்கலாம்.